வாழைத்தண்டா, எலுமிச்சையா?

திருவையாறு, கும்பகோணம் பக்கத்தில் சிறுநீரகக் கல் என்றதும், குலை வெட்டிய வாழையின் தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமலிருக்க மோரில் போட்டுச் சாறெடுத்துத் தருவார்கள். அது கல்லைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. கூடவே உள்ளே போகும் நீரே பயன் தருகிறது என்பது என் கருத்து. எலுமிச்சையும் கால்சியக் கல்லைக் கரைப்பதில்லை. ஆனால் அதிலுள்ள சிட்ரேட், சிறுநீரிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, அது ஆக்சலேட் என்னும் கழிவுப்பொருளுடன் சேர்ந்து படிகமாவதைக் குறைப்பதால், மீண்டும் கல் வராமல் தடுக்க அதுவே மேல் (உப்புப் போடாமல் குடித்தால்).

சித்திரை வெயிலில் வயலில் நிற்பவருக்கோ, நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் பிரியுமளவு தண்ணீர் குடிப்பதற்கு இரண்டுமே ஈடாகா. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும்; வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால், சாறு எதையும் நம்பியிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.