குவெரிக்குள் வேரியபிள்: பிளேஸ்ஹோல்டரோடு பல வருட அனுபவம்

பைத்தான் ஸ்கிரிப்டுகளிலிருந்து எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ்களைப் பல வருடமாகப் பயன்படுத்தி வருகிறேன். குவெரிக்குள் போகும் மதிப்புகளை எஃப்-ஸ்ட்ரிங்கில் (உரைக்குள் வேரியபிளை நேரடியாகச் செருகும் பைத்தான் வசதி) ஒட்டாமல் பிளேஸ்ஹோல்டர் (மதிப்பு வரவேண்டிய இடத்தில் வைக்கும் குறி) வழியாக அனுப்புவது கைப்பழக்கமாகிவிட்டது. இன்ஜெக்‌ஷன் (பயனர் தட்டும் உரை கட்டளையாகவே ஓடிவிடும் தாக்குதல்) பயம் போனது ஒருபுறம். ஓ'பிரையன் மாதிரிப் பெயர் வந்தால் மேற்கோள் குறியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் அன்றாட நிம்மதி.

எரிச்சல்களும் உண்டு. பிளேஸ்ஹோல்டராக எஸ்கியூலைட்டுக்குக் கேள்விக்குறி, போஸ்ட்கிரெஸுக்கான பைத்தான் லைப்ரரியான சைக்காப்ஜிக்கு சதவீதக் குறியோடு எஸ். பைத்தானின் டேட்டாபேஸ் விதிமுறையே ஐந்து பாணிகளை அனுமதிக்கிறது, யாரைக் குறை சொல்வது?

அப்புறம் அந்தக் காற்புள்ளி. ஒரே ஒரு மதிப்பை டியூப்பிளாக (அடைப்புக்குறிக்குள் வரும் மதிப்புத் தொகுப்பு) அனுப்பும்போது அதன் பின்னால் காற்புள்ளி இல்லையென்றால் அது வெறும் ஸ்ட்ரிங்தான். அந்த ஸ்ட்ரிங்கின் ஒவ்வொரு எழுத்தும் தனி மதிப்பாகிவிடும். ‘குமார்’ என்று அனுப்பினால், தேவை 1, வந்தது 6 என்று எஸ்கியூலைட் பிழை காட்டும். மூன்றெழுத்துப் பெயர்தான், ஆனால் துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ‘அ’ என்று மட்டும் கொடுத்துச் சோதித்தால் பிழையே வராது. அதனால் சோதனைக்கு நீளமான பெயரையே கொடுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது: பிளேஸ்ஹோல்டர் மதிப்புகளுக்கு மட்டும்தான். டேபிள் பெயரை அதில் வைத்தால் பிழை வரும், பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’ பக்கத்தில் காலம் (டேபிளின் நெடுவரிசை) பெயரை வைத்தால் எஸ்கியூலைட் வாயே திறக்காது. எல்லா வரிக்கும் ஒரே மாறாத சொல்லை வைத்து வரிசைப்படுத்தியதாக நினைத்துக்கொள்ளும், அதாவது வரிசையே மாறாது. அனுமதிக்கப்பட்ட காலம் பெயர்களை ஒரு டிக்‌ஷனரியில் வைத்து, பயனர் தேர்ந்தது அதில் இருந்தால் மட்டும் குவெரியில் சேர்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் பக்கம் சைக்காப்ஜியிலேயே டேபிள், காலம் பெயர்களைப் பாதுகாப்பாகச் சேர்க்கும் ஐடென்டிஃபையர் வசதி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது.

‘லைக்’ தேடலில் சதவீதக் குறியை மதிப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும். பயனரே சதவீதக் குறியோ அடிக்கோடோ தட்டினால் அது வைல்டுகார்டாகவே (எந்த எழுத்துக்கும் பொருந்தும் குறி) நடக்கும். பிளேஸ்ஹோல்டர் அதைத் தடுக்காது, ‘எஸ்கேப்’ தனியாக எழுதியாக வேண்டும்.

‘இன்’ பட்டியலுக்கு எத்தனை மதிப்போ அத்தனை கேள்விக்குறிகளைக் கோத்துக்கொள்கிறேன். எஸ்கியூலைட்டில் ஒரு குவெரிக்கான பிளேஸ்ஹோல்டர்களின் இயல்பான வரம்பு முன்பு 999, 3.32 பதிப்பிலிருந்து 32,766. போஸ்ட்கிரெஸில் இந்தத் தொல்லை இல்லை: ‘எனி’ போட்டு லிஸ்ட்டை அப்படியே கொடுத்துவிடலாம். சைக்காப்ஜி 2-இல் ‘இன்’னுக்கு டியூப்பிளை நேரடியாகக் கொடுத்துப் பழகியவர்கள் 3-க்கு மாறும்போது இந்த இடத்தைத்தான் முதலில் திருத்த வேண்டியிருக்கும்.