மழைக்காலம் தாண்டி நின்ற விளையாட்டுச் சாமான்கள்

குமரி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துப்போடுவது மழைதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து அக்டோபர் வந்தால் வடகிழக்கு. எங்கள் வீடு குளச்சல் பக்கம் என்பதால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மகளுக்கு ஒன்றரை வயதானபோது வாங்கத் தொடங்கினோம். இப்போது மூன்று வயது. எது நின்றது, எது போனது என்று சொல்கிறேன்.

முதலிடம் சிரட்டைக்கு. நாரைச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தோம். கூடவே இரண்டு எவர்சில்வர் கிண்ணம். வராந்தாவில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் மொண்டு மொண்டு ஊற்றுவாள். "நிறைஞ்சு போச்சு", "இன்னும் கொள்ளும்" என்பதெல்லாம் அங்கே அவளாகவே பிடித்துக்கொண்டவை. இன்று வரை சலிக்கவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொஞ்சத் தண்ணீரும் இந்த வயதுக்கு ஆபத்துதான்.

கர்நாடகத்துச் சென்னப்பட்டணா ஊரின் மர வளையங்கள் அடுத்து. வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியவை. நிறம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஊறவைத்துக் கழுவக் கூடாது. துணியால் துடைத்தால் போதும். முதலில் கோர்க்க மட்டும் செய்தாள், அப்புறம் உருட்டினாள், இப்போது அவை கடையில் விற்கும் தோசை!

பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பேட்டரி முனைகள் துருப்பிடித்து ஒரே மழைக்காலத்தில் அடங்கிவிட்டது. பொத்தான் பேட்டரி உள்ளதென்றால் வாங்கவே வேண்டாம். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

எழுத்துப் போட்ட ஃபோம் விரிப்பு குதிக்க, உருள நல்லது. ஆனால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. அடிக்கடி தூக்கித் துடைத்து, ஃபேன் காற்றில் காயவிட்டால்தான் நிற்கும். கோதுமை மாவில் உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசையும் விளையாட்டு மாவை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் எறும்பு வந்துவிடும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். மஞ்சாடி, புளியங்கொட்டை எண்ணும் விளையாட்டை மூன்று வயது தாண்டும்வரை தள்ளிவைத்திருக்கிறோம். தொண்டையில் சிக்கும்.

மழை நாளில் போனைக் கொடுத்துவிடத் தோன்றும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல் நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் வீட்டில் அதற்குத் தலையணை மலையேற்றம்.

புத்தகம் என்றால் கெட்டி அட்டைதான். துணிப் புத்தகம் எச்சில் பட்டு, மழையில் காயாமல் நாற்றம் பிடித்தது. அட்டைப் புத்தகங்களையும் நெருக்கி அடுக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளாது.