பறக்கும் செம்பருந்து: ராவ் கோப்பா, ஜேபெக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு மேல் வட்டமிடும் செம்பருந்தைக் கீழிருந்து எடுத்தால் பின்னணி பெரும்பாலும் வெள்ளை மேகம்தான். இறக்கையின் அடிப்பக்கம் கருத்துவிடும்; அதை வெளிச்சமாக்கப்போனால் வெண்ணிறத் தலை வெளுத்துவிடும்.

இங்கேதான் ராவ் முந்துகிறது. ராவ் என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு; ஜேபெக் கேமராவே திருத்திச் சுருக்கிக் கொடுப்பது. ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 ஒளிப்படிகள், 14 பிட் ராவில் 16,384. நிழலை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றினால் ஜேபெக்கில் இறகு வரிகள் திட்டுத்திட்டாகும். கேமரா ஏற்கெனவே கூர்மை ஏற்றியிருப்பதால், நாமும் ஏற்றினால் இறக்கை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அது வந்துவிட்டால் படம் வெட்டி ஒட்டியது போலத்தான் தெரியும்.

ராவில் முதலில் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை) குறையுங்கள். பிறகு ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளைக் குறைத்து, பறவையை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகத் தேர்ந்து) நிழலைத் தூக்குங்கள். கூர்மையும் அந்த மாஸ்க்குக்குள்ளேயே, ரேடியஸ் (கூர்மை பரவும் அகலம்) 0.8 முதல் 1 பிக்ஸல் வரை. வானத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் நாய்ஸ் மணல்மணலாக எழும்.

ஜேபெக்குக்கும் இடமுண்டு. கோப்பு சிறியது, தொடர்ச்சியாகப் படமெடுக்கும்போது பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிரம்பாது. காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் படம் என்றால் அதுவே தாராளம். மேகமூட்டம் என்றால் யோசிக்காமல் ராவ்.

முழுக்க வெளுத்த தலையை ராவும் மீட்காது. 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்து இறக்கை நுனி கலங்கியிருந்தால் எந்த மென்பொருளும் உருப்படியாகச் சரிசெய்யாது. 1/2000இல் வைத்து ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஏறட்டும் என்று விடுங்கள்.