அடிஸ் அபாபாவில் 'காப்பிச் சடங்கு பார்க்கலாம் வா' என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

எத்தியோப்பியா போகிறவர்கள், முக்கியமாக விமானம் மாற ஒரு நாள் அடிஸ் அபாபாவில் தங்குகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். அங்கே பியாசா என்ற பகுதிப் பக்கம் நானும் நண்பரும் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் சிரித்துக்கொண்டே வந்து, "என்னைத் தெரியவில்லையா சார், உங்கள் ஹோட்டல் கிச்சனில்தான் வேலை பார்க்கிறேன், இன்றைக்கு லீவு" என்றான். எந்த ஹோட்டல் என்று கடைசிவரை அவன் வாயிலிருந்து வரவே இல்லை. பக்கத்தில் பாரம்பரியச் சாப்பாடு, நடனம், காப்பிச் சடங்கு எல்லாம் இருக்கிறது, இன்றைக்கு மட்டும்தான் என்று கூட்டிப்போனான்.

போர்டு இல்லாத வீடு. தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணிப் புகை போட்டு, வெள்ளைப் பருத்தி உடையில் பெண்கள் தோளைக் குலுக்கி ஆடினார்கள். எங்கள் கண்ணெதிரேயே காப்பிக்கொட்டையை வறுத்து அபோல், தோனா, பெரக்கா என்று மூன்று சுற்று ஊற்றினார்கள், அது மட்டும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

சாப்பாடுதான் கொடுமை. இஞ்சிரா நம் புளித்த மாவுத் தோசை மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும், இங்கே ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டு, தொட்டால் சில்லென்று இருந்தது. சைவம் என்று இரண்டு தடவை சொல்லியும் நடுவில் கோழிக்காலோடு சிவப்புக் குழம்பு. கேட்டால், "கோழியைத் தள்ளிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்கிறார்கள்! கேட்காமலே தேஜ், அதாவது அவர்களுடைய தேன் மது, குடுவை குடுவையாக வந்தது, அந்தப் பெண்களும் எங்களோடு உட்கார்ந்து குடித்தார்கள், அதுவும் எங்கள் கணக்கில்.

பில் என்று வந்தது பள்ளி நோட்டில் கிழித்த ஒரு தாள். 'கலாச்சாரக் கட்டணம்' என்று தனியாக ஒரு வரி வேறு. நல்ல ஓட்டலில் ஆகிற தொகையைவிட எட்டு மடங்காவது இருக்கும். வாசலில் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள், கூட்டிவந்த பையனைக் காணோம்.

ஒழுங்கான கடையில் மெனுவில் அந்த நாட்டுப் பணமான பிர்ரில் விலை போட்டிருக்கும், ரசீது மெஷினிலிருந்து வரிப் பதிவு எண்ணோடு வரும், 15 சதவீத வாட் வரி அதில் தனியாகத் தெரியும். சைவக்காரர்கள் புதன், வெள்ளியில் போங்கள், அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாள் என்பதால் பால், நெய்கூட இல்லாத சாப்பாடு சாதாரணமாகவே கிடைக்கும். 'யெட்சோம் பெயாய்நெட்டு' என்று கேட்டால் ஒரே தட்டில் பருப்பு, கீரை, கோஸ் எல்லாம் வைத்துத் தருவார்கள். மற்ற நாளில் ஷிரோ, அதாவது கடலை மாவுக் குழம்பு, கேட்டால் அதில் மசாலா வெண்ணெயோ இறைச்சியோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாட்டிக்கொண்டால் எடுத்தவுடன் கார்டை நீட்டாதீர்கள். போலீஸைக் கூப்பிடலாம் என்று நண்பர் சத்தமாகச் சொன்ன பிறகுதான் பேரமே ஆரம்பித்தது, பாதிக்கு இறங்கி வந்தார்கள், அதையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.