முதல் திகில் படத்தை எங்கே காட்டுவது: சிட்ஜஸா, ஃபேன்டேசியாவா, ஃபிரைட்ஃபெஸ்ட்டா?

நட்சத்திரம் கிடையாது, விநியோகஸ்தர் கிடையாது. சொந்தக் காசைப் போட்டு, நண்பர்களைக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்த ஒரு திகில் படம் மட்டும் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதை உலகத்தில் முதன்முதலாக எந்த விழாவில் திரையிடுவது? ஸ்பெயினின் சிட்ஜஸ், கனடாவின் ஃபேன்டேசியா, லண்டனின் ஃபிரைட்ஃபெஸ்ட் என்ற மூன்று பெயர்கள் உடனே வரும். என் ஓட்டு ஃபேன்டேசியாவுக்குத்தான். ஆனால் மற்ற இரண்டையும் சும்மா தள்ளிவிட முடியாது.

மூன்றில் மூத்தது சிட்ஜஸ். ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் பிடியில் இருந்த 1968-இலேயே தொடங்கிவிட்டார்கள். பார்சிலோனாவிலிருந்து ரயிலேறினால் சீக்கிரமே போய்ச் சேரக்கூடிய ஒரு கடற்கரை ஊர். அக்டோபரில் அந்த ஊரே திருவிழாக் கோலம் பூணும். விழாவின் சின்னம் கிங்காங். ஒருநாள் மாலை ஜாம்பி வேஷம் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாகத் தெருவில் நடப்பார்கள். முக்கியப் படங்களை ஓட்டல் ஒன்றை ஒட்டிய, ஆயிரத்துக்கும் மேல் இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கில் போடுவார்கள். ஊருக்குள் இருக்கும் ரெட்டிரோ, பிராடோ போன்ற பழைய தியேட்டர்களிலும் காட்சிகள் உண்டு. இங்கே கிடைக்கும் பரிசுக்கு மதிப்பு அதிகம். 2019-இல் 'தி பிளாட்ஃபார்ம்' சிறந்த படமாகத் தேர்வானது. 2023-இல் அர்ஜென்டினாவின் டெமியன் ருக்னா எடுத்த 'வென் ஈவில் லர்க்ஸ்' அந்தப் பரிசை வாங்கிய முதல் லத்தீன் அமெரிக்கப் படம் ஆனது.

இதெல்லாம் சரி. சிக்கல் என்னவென்றால், அக்டோபர் என்பது ஆண்டின் கடைசிப் பகுதி. கான், டொராண்டோ போன்ற பெரிய விழாக்களைச் சுற்றிவிட்டு வரும் பெரிய படங்கள் எல்லாம் இங்கே வந்து குவியும். பத்திரிகைக்காரர்கள் அவற்றுக்குப் பின்னால்தான் ஓடுவார்கள். பெயர் தெரியாத ஓர் இயக்குநரின் முதல் படம் அந்த நெரிசலில் ஒரு காட்சி ஓடி முடிந்து, யாரும் ஒரு வரி எழுதாமல் போய்விட வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே கொஞ்சம் பெயர் வாங்கிய படத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக சிட்ஜஸ் அருமையான இடம். முதல் அடி எடுத்துவைக்க அல்ல.

ஃபிரைட்ஃபெஸ்ட்டின் கதையே வேறு. 2000-இல் லெஸ்டர் சதுக்கத்துப் பக்கம் இருக்கும் பிரின்ஸ் சார்லஸ் தியேட்டரில் ஆரம்பித்தது. இன்று ஆகஸ்ட் கடைசியில் வரும் வங்கி விடுமுறையை ஒட்டி ஐந்து நாள் நடக்கிறது. முழு விழாவுக்கும் பாஸ் வாங்குகிறவருக்குப் பிரதான அரங்கில் ஒரே இருக்கைதான், ஐந்து நாளும். அதாவது பக்கத்தில் உட்காருபவர், முன்வரிசைக்காரர் எல்லாம் அதே முகங்கள். மூன்றாம் நாள் வருவதற்குள் அந்த அரங்கம் ஒரே குடும்பம் ஆகிவிடும். உங்கள் படம் பிரதான திரையில் இடம்பிடித்துவிட்டால், வந்திருக்கும் மொத்த ரசிகர் கூட்டமும் அதைப் பார்த்தே தீரும். சிட்ஜஸில் இதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் சின்னப் படங்கள் பெரும்பாலும் போவது பக்கத்துச் சிறிய திரைகளுக்கு. 'ஃபர்ஸ்ட் பிளட்' என்ற பிரிவு பிரிட்டனின் புதிய இயக்குநர்களுக்கானது.

இந்தக் கூட்டத்தின் பலம் தெரிய வேண்டுமானால் டேமியன் லியோனின் 'டெரிஃபையர் 2' படத்தைப் பாருங்கள். இணையத்தில் ரசிகர்களிடம் நிதி திரட்டி, சுமார் இரண்டரை லட்சம் டாலரில் எடுத்த படம். 2022 ஆகஸ்டில் ஃபிரைட்ஃபெஸ்ட்டில் முதலில் காட்டினார்கள். அக்டோபரில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்து ஒரு கோடி டாலருக்கு மேல் அள்ளியது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: படத்தின் கொலைகாரக் கோமாளிக்கு முதல் பாகத்திலேயே ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். ரத்தம் தெறிக்கும் படம் என்றால் லண்டன் கைதட்டும். மெதுவாக, ஒன்றுமே நடக்காததுபோல் நகரும் படத்துக்கு அதே வரவேற்பு கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்த மாதிரிப் படங்களுக்கு ஃபேன்டேசியா நடக்கும் மான்ட்ரியல். 1996-இல் ஹாங்காங், ஜப்பான் படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் ஆசையில் தொடங்கிய ஃபேன்டேசியா, இன்று ஜூலை, ஆகஸ்டில் ஏறக்குறைய மூன்று வாரம் ஓடுகிறது. கான்கார்டியா பல்கலைக்கழகத்தின் அரங்குகள்தான் களம். விளக்கு அணைந்ததும் அரங்கு முழுக்க 'மியாவ்' என்று கத்துவார்கள். வெளியூர் இயக்குநர்கள் முதல்முறை கேட்டால் திகைத்துப்போவார்கள். படம் ஓடும்போது அதே கூட்டம் ஊசி விழும் அமைதியில் உட்கார்ந்திருக்கும்.

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில்ஸ் மலைப்பகுதியில் ஆடம்ஸ் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. அப்பா ஜான் ஆடம்ஸ், அம்மா டோபி போசர், மகள்கள் ஸெல்டா, லூலு. எழுதுவது, நடிப்பது, கேமரா பிடிப்பது, எடிட் செய்வது, இசை போடுவது எல்லாம் வீட்டு ஆட்களே. 'ஹெல்பெண்டர்' படத்தில் தாயும் மகளும் நடத்தும் மெட்டல் இசைக்குழு, நிஜத்திலும் அவர்களுடைய குழுதான். 2019, 2021, 2023 என்று வரிசையாக மூன்று படங்களை ஃபேன்டேசியாவில்தான் முதலில் காட்டினார்கள். ஒரு விழா ஒரு படத்தை மட்டும் எடுக்காமல், ஒரு குடும்பத்தையே கூடவே வளர்த்திருக்கிறது என்று சொல்லலாம்.

இன்னொன்று கைல் எட்வர்ட் பாலின் 'ஸ்கினமரிங்க்'. கனடாவின் எட்மன்டனில் தான் வளர்ந்த வீட்டிலேயே, 15,000 டாலரில் எடுத்த படம். பெரும்பாலான காட்சிகளில் முகமே தெரியாது. இருட்டுச் சுவர், கூரை, டிவி வெளிச்சம், அவ்வளவுதான். பாதிப் பேர் எழுந்து போய்விடக்கூடிய இந்தப் படத்தை 2022 ஜூலையில் ஃபேன்டேசியா துணிந்து போட்டது. அப்புறம் வேறொரு விழாவின் இணையத் திரையிடல் வழியாகக் கசிந்து, டிக்டாக்கில் பரவி, 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்து சுமார் 20 லட்சம் டாலர் வசூலித்தது. கசிவால்தான் ஓடியது என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஃபேன்டேசியா தேர்வு செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பெயரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

தேதிகளைக் கவனித்தாலும் ஃபேன்டேசியாவுக்குத்தான் சாதகம். மூன்றில் முதலில் வருவது அதுதான். ஜூலையில் மான்ட்ரியல், ஆகஸ்ட் கடைசியில் லண்டன், அக்டோபரில் சிட்ஜஸ் என்று ஒரே படம் மூன்றுக்கும் போகலாம். தலைகீழாகப் போக நினைத்தால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் படம் பழசாகிவிடும். உலக பிரீமியர் என்ற துருப்புச்சீட்டு ஒரே ஒருமுறைதான். இணையத்தில் மாதாமாதம் 'விருது' கொடுத்து, கோப்பைக்குத் தனியாகக் காசு கேட்கும் விழாக்களுக்கு அதை வீணாக்காதீர்கள். போஸ்டரில் பத்து லாரல் (விழாக்கள் தரும் இலைவளைய முத்திரை) ஒட்டியிருந்தாலும், எது உண்மையான விழா, எது காசுக்கான விழா என்று தேர்வாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

படம் இன்னும் எடுக்கவில்லை, திரைக்கதையும் ஒரு டீசரும்தான் கையில் இருக்கிறது என்றால் கணக்கு மாறும். ஃபேன்டேசியாவுடன் 2012 முதல் நடக்கும் 'ஃபிரான்டியர்ஸ்' சந்தையில் தயாரிப்பாளர்களிடம் கதை சொல்லலாம். பிரெஞ்சு இயக்குநர் ஜூலியா டுகுர்னோவின் 'ரா' அந்தப் பாதையில் வந்த படம். ஆனால் அது பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பியக் கூட்டுத் தயாரிப்பை நோக்கியது. நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் தென் கொரியாவின் பூச்சியான் விழாவில் 2008 முதல் ஆசியத் திகில், மாயாஜாலப் படங்களுக்கென்றே நடக்கும் 'நாஃப்' சந்தையை முதலில் பார்ப்பது நல்லது.