1,40,000 ரூபாய் போய்விட்டது: மனை, வீடு விற்கும் வெப்சைட் செய்யக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

இன்று மதியம்தான் அந்த வெப்சைட் கம்பெனி ஆபீஸ் படியிலிருந்து இறங்கி வந்தேன். சமையலை மகளிடம் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறிவிட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன். நான் எழுதாமல் விட்டால் நாளைக்கு இன்னொருவர் அந்தப் படியில் ஏறுவார்.

நானும் என் வீட்டுக்காரரும் திருச்சியில் மனை, வீடு, தோட்டம் தரகு பார்க்கிறோம். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) ஏஜென்டாகப் பதிவு செய்து, பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்த பிறகுதான் ஒரு இடத்தைக் கையில் எடுப்போம். பெரிய விளம்பரத் தளங்களில் பணம் கட்டிப் பார்த்தோம். ஒரே வாடிக்கையாளரின் நம்பர் பத்து தரகர்களுக்குப் போகிறது. நாம் கூப்பிடுவதற்குள் அவர் எரிச்சலாகிவிடுகிறார். சரி, சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். மகளின் காலேஜ் கட்டணத்துக்காகப் போட்டு வந்த சீட்டை எடுத்தோம். அந்தப் பணம்தான் இந்த 1,40,000.

தெரிந்த ஒருவர் சொல்லித்தான் அந்த கம்பெனிக்காரர் வந்தார். பெயரை எழுத மாட்டேன். இதே ஊரில், ஒரு காம்ப்ளக்ஸ் மாடியில், வெப்சைட் செய்து தரும் ஆறேழு பேர் உள்ள கடை. வந்தவர் காபி குடித்தார், மாமனார் உடம்பை விசாரித்தார். மேஜையில் கிடந்த பட்டா ஜெராக்ஸ்களை அவரே ஒழுங்காக அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். தமிழில் 'ஸ்ரீரங்கம்' என்று அடித்தார். மேப்பில் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. பக்கத்தில் ஒரு பட்டியல்: எத்தனை சென்ட், டிடிசிபி என்ற நகர் ஊரமைப்புத் துறையின் அப்ரூவல் உண்டா, எந்தத் திசை. 'கிழக்கு பார்த்தது' என்பதைத் தொட்டதும் நான்கு மனை மட்டும் நின்றது. என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனை தேடி எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பதே அதுதான்.

நான் ஒன்று கேட்டேன். "தம்பி, எங்க அக்கா பையன் வேர்ட்பிரஸ்னு வெப்சைட் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதுலயே பண்ணலாம்னு சொல்றானே?"

"அக்கா, அது ஃப்ரீயா கிடைக்கறது. ஃப்ரீயா கிடைக்கறத நம்பித் தொழில் பண்ணலாமா? ஒரே ராத்திரில ஹேக் பண்ணிடுவாங்க. இது எங்க சொந்த சிஎம்எஸ். ரியல் எஸ்டேட்டுக்குன்னே நாலு வருஷமா எங்க பசங்க உட்கார்ந்து எழுதினது."

சிஎம்எஸ் என்றால் வெப்சைட்டின் பின்பக்கம். புரோகிராம் எழுதத் தெரியாத என்னைப் போன்றவர்கள் உள்ளே போய்ப் படம் ஏற்றவும், விலையை மாற்றவும், விற்றுப்போனதை எடுக்கவும் உள்ள இடம். அது எங்கிருந்து வந்தது, யாருடையது என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "எங்க அம்மா பேர்ல லால்குடி பக்கம் ஒரு மனை இருக்குக்கா. சைட் ரெடியானதும் முதல் லிஸ்டிங் அதுதான். நீங்கதான் வித்துத் தரணும்." அந்த ஒரு வார்த்தையில் விழுந்தோம். தன் அம்மாவின் மனையை நம்மிடம் ஒப்படைக்கிறவர் நம்மை ஏமாற்றுவாரா என்று அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அந்த மனையின் சர்வே நம்பர்கூட இன்றுவரை எங்களுக்கு வரவில்லை.

முன்பணம் 50,000. டிசைன் காட்டியதும் 50,000. சைட் ஓடத் தொடங்கியதும் 40,000. மொத்தம் 1,40,000. கையில் இருப்பது 'வெப்சைட் டெவலப்மென்ட்' என்று ஒரே வரி எழுதிய பில். என்னென்ன செய்து தருவார்கள் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

இரண்டு மாதம் என்றார்கள், ஐந்து மாதம் ஆனது. அதைப் பெரிதுபடுத்தவில்லை. நானும் மகளும் ராத்திரி உட்கார்ந்து 212 லிஸ்டிங் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுப் படம், அளவு, பாதை அகலம், தண்ணீர் வசதி, உரிமையாளர் விவரம்.

முதல் அடி சென்ட்டில் விழுந்தது. மண்ணச்சநல்லூர் போகும் வழியில் ஐந்தரை சென்ட் மனை, விலை 24 லட்சம். 5.5 என்று அடித்தேன். சைட்டில் 55 என்று வந்தது. அந்தக் கட்டத்துக்குப் புள்ளி என்றால் என்னவென்றே தெரியவில்லை, அதைத் தூக்கிவிட்டு எண்களை ஒட்டிவிட்டது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு. 55 சென்ட் என்றால் அரை ஏக்கருக்கும் மேல். அரை ஏக்கர் 24 லட்சமா என்று காலை ஆறு மணியிலிருந்து போன். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் "பிராடுப் பொழப்பு" என்று திட்டிவிட்டு வைத்தார். இத்தனை வருடத் தரகில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

அடுத்தது மேப். டெமோவில் பளிச்சென்று இருந்த மேப் எங்கள் சைட்டில் இருட்டடித்துக் கிடந்தது. குறுக்கே 'ஃபார் டெவலப்மென்ட் பர்பஸஸ் ஒன்லி' என்ற எழுத்து திரும்பத் திரும்ப. கூகுள் மேப்பை வெப்சைட்டில் காட்டக் கூகுளில் பில்லிங் கணக்கு திறந்து, அதற்கான கீ, அதாவது ஒரு ரகசியக் குறியீடு, வாங்கிப் போட வேண்டும். 2018-லிருந்து அப்படித்தான். இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? செய்யவில்லை. நான் அதற்காக ஒன்பது முறை போன் செய்தேன்.

ரெரா நம்பர் போடத் தனி இடமே இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பதிவு வேண்டும், விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்திலேயே இருக்கிறது. ரியல் எஸ்டேட்டுக்கென்றே நாலு வருடம் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் பெரிய இடி. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "என்னம்மா, உங்க சைட்டை கூகுள்ல இருந்து தொட்டா ஏதோ சூதாட்டப் பக்கத்துக்குப் போகுதே?" என் போனில் முகவரியை நேராக அடித்தால் ஒழுங்காக வருகிறது. கூகுளில் தேடித் தொட்டால் சீட்டுக்கட்டுப் படம். உடல் கூசிப்போனது. எங்கள் பெயரும் போன் நம்பரும் உள்ள சைட் அது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்தான். பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சோர்ஸை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை, திறந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் விரலை வைத்து, "சித்தி, இதைப் பாருங்க" என்றான். ஒவ்வொரு படத்தின் முகவரியிலும் 'டபிள்யூபி-கன்டென்ட்' என்று இருந்தது. அது வேர்ட்பிரஸ். எதைப் போட்டால் ஒரே ராத்திரியில் ஹேக் ஆகும் என்று சொன்னாரோ, அதையேதான் 1,40,000 ரூபாய்க்கு எங்களிடம் விற்றிருக்கிறார். அதன்மேல் போட்டிருந்ததும் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ரியல் எஸ்டேட் தீம், அதாவது சைட்டின் தோற்றத்துக்கான ரெடிமேட் அச்சு. அதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. லைசென்ஸ் சரிபார்க்கும் பகுதியை வெட்டி எறிந்த திருட்டுப் பிரதி. அப்படி வெட்டித் தருகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் வேறு ஏதாவது புரோகிராம் வரிகளைச் செருகித்தான் தருவார்களாம். லைசென்ஸ் இல்லாததால் தீமுக்கு அப்டேட்டும் வராது. சூதாட்டப் பக்கம் வந்த வழி அதுதான்.

வேர்ட்பிரஸ்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2003-லிருந்து இருக்கிறது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அதன் புரோகிராமை யாரும் திறந்து படிக்கலாம். மனைக்கென்று தனிப் பிரிவு, அளவுக்குத் தனிக் கட்டம், விலைக்குத் தனிக் கட்டம் என்று அதில் ஒழுங்காகவே செய்ய முடியும். முறையாகச் செய்து, இதற்கு இவ்வளவு வேலை, இவ்வளவு கூலி என்று சொல்லி வாங்கியிருந்தால் கூலியைக் கொடுத்திருப்பேன். பொய் சொல்லி வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன் செய்தேன். "டீம்ல சொல்லிட்டேன்க்கா." மறுநாள்: "சர்வர் மெயின்டனன்ஸ்க்கா, ரெண்டு நாள்." அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் பிள்ளை எடுத்து, "மேடம், கம்ப்ளெயின்ட் டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க" என்றது. எங்கே என்று கேட்டால் லிங்க் அனுப்புவதாகச் சொன்னது, வரவில்லை. வாட்ஸ்அப்பில் சூதாட்டப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நான்கு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "இது நம்ம ஸ்கோப்ல வராது மேடம், ஏஎம்சி, அதான் வருஷ மெயின்டனன்ஸ், 18,000 கட்டுனா பார்க்கலாம்." அதுவரை அக்கா. அன்றிலிருந்து மேடம்.

நேரில் போனேன். "சார் வெளியூர்ல இருக்கார்" என்றார்கள். அவருடைய வண்டி கீழே நின்றிருந்தது. அந்த பைக்கில்தான் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்று மறுபடி போய், எனக்கு எதுவும் சரி செய்ய வேண்டாம், என் 212 லிஸ்டிங்கை மட்டும் கொடுங்கள் என்றேன். இன்று வெளியே வந்தார். "டேட்டா எங்க சர்வர்ல இருக்கு மேடம். எக்ஸ்போர்ட் பண்ணித் தர 35,000 ஆகும்." நானும் என் மகளும் கண்விழித்து அடித்த விவரம் அது. சரி, வெப்சைட் முகவரியான டொமைனையாவது கொடுங்கள், வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அது கம்பெனி பெயரில் பதிவாகியிருக்கிறதாம். எங்கள் கடைப் பெயர், அதன் உரிமையாளர் அவர். வேறு இடத்துக்கு மாற்றுவதற்கு ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், பதிவு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் அதை வாங்க முடியும். 1,40,000 கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமைகூட இல்லை.

வக்கீலைப் பார்த்தோம். தொழிலுக்காக வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் கிடையாது என்று எதிர்த்தரப்பு வாதாடுமாம். சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்று நாம் காட்டினால் வாதாட இடம் உண்டு என்றார். நோட்டீஸ் அனுப்புகிறோம். அந்த ஒரு வரி பில்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ போவோம்.

எந்த சிஎம்எஸ் நல்லது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மணி பதினொன்று ஆகிவிட்டது. அவசரமாகச் சிலது மட்டும்.

டொமைனை உங்கள் மெயில் ஐடியில், உங்கள் பெயரில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். சைட்டை வைக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கும் அப்படியே. செய்து தருகிறவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள்.

'எங்க சொந்த சிஎம்எஸ்' என்று யார் சொன்னாலும், பத்து லிஸ்டிங்கை எக்செல் கோப்பாக அப்போதே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் காபியோடு அனுப்பிவிடுங்கள். டெமோவில் உங்கள் கையாலேயே 5.5 அடித்துப் பாருங்கள்.

தீம், பிளக்இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். லிஸ்டிங் என்ற பிரிவைத் தீம் உருவாக்குகிறதா, தனி பிளக்இன் உருவாக்குகிறதா என்றும் கேளுங்கள். தீம் உருவாக்கியிருந்தால், தீமை மாற்றும் அன்றைக்கு லிஸ்டிங் எல்லாம் பின்பக்க அட்மினிலிருந்து மறைந்துவிடும் என்று அக்கா பையன் சொன்னான்.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த 40,000-ஐ அவசரப்பட்டுக் கொடுத்தோம்.

மகள் பக்கத்தில் பழைய சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு லிஸ்டிங்காகப் பார்த்து எக்செல்லில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் சைட்டை மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இப்போது 31 முடிந்திருக்கிறது. மீதியை நான் போய் அடிக்க வேண்டும்.