ரோடு அமெரிக்கா: 1956இல் ஸ்டாக் கார்கள் ஓடிய அதே தடத்தில் எங்கே நின்று பார்ப்பது?

பழைய ஸ்டாக் கார் (சாதாரணக் காரின் உருவில் அமைந்த பந்தயக் கார்) பந்தயம் பிடித்தவர்கள் அமெரிக்காவில் ஒரே ஒரு ரோடு கோர்ஸுக்குத்தான் (இடமும் வலமுமாக வளையும் பந்தயத் தடம்) போக முடியும் என்றால், விஸ்கான்சின் மாநிலம் எல்க்ஹார்ட் லேக் அருகிலுள்ள ரோடு அமெரிக்காவுக்குப் போங்கள். காரணம் எளிது. 1955இல் கிளிஃப் டஃப்டி கட்டித் திறந்த தடம், வளைவுக்கு வளைவு அன்றைய வடிவிலேயே இருக்கிறது. நீளம் சுமார் 6.5 கிலோமீட்டர், வளைவுகள் 14. 2022 சீசன் முடிந்ததும் தார் முழுவதையும் புதிதாகப் போட்டார்கள், ஆனால் பாதையை நகர்த்தவில்லை.

1956 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் கிராண்ட் நேஷனல் (இன்றைய கப் தொடரின் பழைய பெயர்) பந்தயம் இங்கே 63 சுற்று, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. மழையிலும் நிறுத்தவில்லை. பில் ஸ்ட்ராப் அணியின் மெர்குரி காரில் டிம் ஃப்ளாக் ஜெயித்தார். அவருடைய 39ஆவது வெற்றி அது, கடைசியும் அதுவே. 1955இல் அணி உரிமையாளர் கார்ல் கீக்ஹேஃபரின் கிரைஸ்லர் காரில் சாம்பியன் ஆன ஃப்ளாக், 1956 சீசனின் முற்பகுதியிலேயே அவரை விட்டு விலகியிருந்தார். கீக்ஹேஃபரின் தொழிற்சாலை இருந்த ஃபான் டு லாக் இங்கிருந்து அரை மணி நேரப் பயணம்தான். அவருக்கு அந்தத் தோல்வி எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொது நுழைவுச் சீட்டு எடுத்தாலே போதும். தடத்தைச் சுற்றி எங்கும் நடக்கலாம், புல்மேட்டில் நாற்காலி போட்டு உட்காரலாம். முதலில் ஐந்தாம் வளைவுக்குப் போங்கள். நீண்ட நேர்பாதையில் இறக்கமாக வரும் கார், செங்கோணமாக இடப்பக்கம் திரும்பி, உடனே மேடேற வேண்டும். ஸ்டாக் காரின் பலவீனம் முழுக்க இந்த ஒரு இடத்தில் வெளியே வந்துவிடும். 1956 கார்களில் பலவற்றின் எடை 1,600 கிலோவுக்கு மேல், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூ என்னும் வளைந்த கட்டைகள் அழுத்தும் வகை). டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். அந்த இடைவெளியை அடைக்க ஷூ கூடுதலாக நகர வேண்டும், பெடல் கீழே கீழே போகும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பும் சூட்டில் குறையும். எட்டாம் வளைவிலும் பன்னிரண்டாம் வளைவிலும் மறுபடி பலமாக மிதித்தாக வேண்டும் என்பதால் டிரம் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது. மழை பெய்தால் வேறு சிக்கல்: உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால், லைனிங் காயும்வரை பிரேக் வழுக்கும். இதையெல்லாம் 63 தடவை சமாளித்துத்தான் ஃப்ளாக் கோப்பையைத் தூக்கினார்.

பழைய கார்கள் ஓடும் நாளில் இதே இடத்தில் பின்சக்கரங்களைக் கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும். அந்த நேரத்தில் ஓட்டுநர் கியரை அவசரமாகக் குறைத்தால், லீஃப் ஸ்பிரிங்கில் (பட்டை வில்) தொங்கும், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் கெட்டி ஆக்சில் முறுக்கேறி, சக்கரம் தடதடவென்று துள்ளும். 2022இல் இங்கே நடந்த நாஸ்கார் பந்தயத்தில் டைலர் ரெட்டிக் ஜெயித்த புதிய தலைமுறைக் காரில் டிஸ்க் பிரேக், பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், வரிசைப்படி ஒவ்வொன்றாக மாறும் சீக்வென்ஷியல் கியர். அந்தத் துள்ளலை அதில் பார்ப்பது அரிது.

அடுத்தது பன்னிரண்டாம் வளைவான கனடா கார்னர். மரங்களுக்கு நடுவே முழு வேகத்தில் வந்து வலப்பக்கம் திரும்பும் இடம், முந்துவதற்குத் தோதானது. கரோசல் என்னும் நீண்ட வலப்பக்க வளைவில் முந்துவது குறைவு. ஆனால் டயர் மெல்ல மெல்லப் பிடி தளர்வதை அங்கே நின்றால் காதாலேயே கேட்டுவிடலாம்.

குறை என்றால் பெரிய குறை ஒன்று உண்டு. எங்கே நின்றாலும் தடத்தில் ஒரு துண்டுதான் தெரியும். நீள்வட்டமான ஓவல் தடத்தைப் போல உட்கார்ந்த இடத்தில் பந்தயம் முழுவதையும் பார்க்க நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பு வி8 இரைச்சலில் அமுங்கிவிடும். அணிகளின் வானொலிப் பேச்சைக் கேட்க உதவும் ஸ்கேனரும் காதை மூடும் ஹெட்போனும் கையில் இருந்தால்தான் யார் முன்னணி என்று புரியும். 640 ஏக்கர், ஏற்ற இறக்கம் அதிகம். செருப்பு சரிப்படாது, நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் மழையும் சகஜம் என்பதால் மழைக்கோட்டைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண். ஷெபாய்கன் வட்டாரத்துப் பிராட்வர்ஸ்ட் சாஸேஜைக் கரி அடுப்பில் சுட்டு, மேலே முறுகலான பன்னில் வைத்துத் தருகிறார்கள். கடைகளில் பலவற்றை உள்ளூர்ச் சேவை அமைப்புகளே நடத்துகின்றன. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் சுட்ட சோளத்தைத் தேடலாம்.

நாஸ்கார் கப் பந்தயம் 2021, 2022 இரண்டு ஆண்டு மறுபடி இங்கே நடந்துவிட்டு, 2023இல் சிகாகோ தெருக்களுக்குப் போய்விட்டது. எனவே பழைய ஸ்டாக் கார்களுக்காகவே வருபவர்கள் ஜூலை மாதத்து விண்டேஜ் வார இறுதியைக் குறிவையுங்கள். பந்தயக் கார்களின் கூடாரங்களுக்குள்ளும் அப்போது நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். மில்வாக்கியிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கடைசிப் பகுதி இருவழிக் கிராமச் சாலை என்பதால் பெரிய பந்தய நாளில் காலை சீக்கிரமே வந்துவிடுங்கள். திரும்பும்போது முதல் ஒரு மணி நேரம் கூட்டத்தில் காரை நகர்த்தாமல், கடை மூடும் முன் இன்னொரு பிராட் வாங்கிச் சாப்பிடுவது மேல்.